ரப்பர் துண்டு கட்டிய சாவி

பூட்டு விற்கிறவன் பிழைப்பு அடுத்தவர் பயத்தில் ஓடுகிற பிழைப்பு. ஊரில் பயம் கூடினால்தான் எங்கள் கடையில் கூட்டம் கூடும். அந்தமானில், போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போகிற வழியில் என் கடை. பூட்டு, தாழ்ப்பாள், டூப்ளிகேட் சாவி. சொந்த ஊர் திண்டுக்கல். திண்டுக்கல்காரன் என்றால் பிறக்கும்போதே கையில் பூட்டோடு பிறந்தவன் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. என் அப்பா வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்கியவர். நான் சாவி வெட்டக் கற்றுக்கொண்டதே இந்தத் தீவுக்கு வந்த பிறகுதான். அதை யாரிடமும் சொல்வதில்லை, வியாபாரம் கெட்டுவிடும்.

வாசலில் நின்றுகொண்டு, பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாவியைத் தேடியவர்தானே நீங்களும்? அப்படியென்றால் நம்ம ஆள்தான், உட்காருங்கள். சிரிக்கிற சங்கதியும் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இதை நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு சாவிக்காக. அதை வெட்டியவன் நான். பழி சுமந்தது வேறொருத்தி.

ஆள் இல்லாத வீடு

சுனாமிக்கு முன்னால் இங்கே பூட்டுக்கு அவ்வளவு கிராக்கி கிடையாது. வெளியே போனால் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டுப் போவார்கள். சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட, ரோடு போட, ஜெட்டி சரிசெய்ய என்று மெயின்லேண்டிலிருந்து கப்பல் கப்பலாக வேலையாட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலை உண்டு, தூக்கம் உண்டு என்று இருந்த பாவப்பட்ட ஜனங்கள். இருந்தாலும் தெருவில் முகம் தெரியாத ஆள் நடக்க ஆரம்பித்ததும் ஊருக்குப் பூட்டு ஞாபகம் வந்துவிட்டது.

நம் ஜனங்களின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்துவிட்டால் அதை ஊர் முழுக்கச் சொல்லாமல் இருக்க முடியாது. மீன் கடை, ரேஷன் கடை, ஆட்டோக்காரர் வரைக்கும் சொல்லி, தெருவே வந்து வழியனுப்பும். அப்புறம் இரண்டு மாதம் வாசலில் பூட்டு தொங்கும். திருடனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் யார் கொடுப்பார்கள்? அப்படிப் போகவிருந்த ஒரு ஆபீஸ் கிளார்க்குக்குக் கடையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பூட்டும் கையுமாகத் திரும்பி வந்து நின்றார்.

"இவ்வளவு பெரிய பூட்டைப் பார்த்தா உள்ள என்னமோ இருக்குன்னு நினைச்சுருவான் சார். உள்ள ஒண்ணுமே இல்லன்னு தெரியற மாதிரி ஒரு பூட்டு குடுங்க."

உள்தாழ்ப்பாள் வேண்டாம்

மாரியாயி அக்கா என் கடைக்கு வந்தது இதற்கெல்லாம் கொஞ்சம் பிறகு. தெற்கே நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறிய குடும்பம். சுனாமியில் புருஷனைக் கொடுத்துவிட்டு, ஒரே மகள் செல்வியோடு போர்ட் பிளேருக்கு வந்து, ஷாதிபூரில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஒரு ஸ்கூலில் ஆயா வேலை. பூட்டு பொருத்தப் போன இடத்தில், அவர் வீட்டுக் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லாததைப் பார்த்து, வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு இப்படியா இருப்பார்கள் என்று நான் சத்தம் போட்டேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

அக்கா கோபப்படவில்லை. சுனாமி வந்த அன்றைக்குக் காலையில் நிலம் ஆடியபோது கச்சால் வீட்டில் கதவுச் சட்டம் கோணித் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதாம். கடப்பாரையால் நெம்பித் திறந்து வெளியே வருவதற்குள் கடல் ஏறிவிட்டது. அக்காவும் மகளும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். நெம்பிக் களைத்த மனிதரால் ஓட முடியவில்லை. இதைக் கேட்டதும் நான் வேறு பூட்டு தேடினேன். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும், உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் போதும். அந்த மாதிரி ஒன்றைக் கதவில் பொருத்திக் கொடுத்தேன். அக்கா உள்ளே நின்று பத்துத் தடவை திருகிப் பார்த்தார்.

"திருடன் வந்தா சாமான் போவும் தம்பி. நெலம் ஆடுனா ஆளே போயிரும். எனக்கு எது பெரிசுன்னு தெரியும்."

மூன்றாவது சாவி

பூட்டோடு இரண்டு சாவி வரும். அக்கா மூன்றாவதாக ஒன்று வெட்டித் தரச் சொன்னார். அது அடுத்த வீட்டு ஷெஃபாலிக்காம். ஷெஃபாலி வங்காளி, அக்காவைத் தன் பாஷையில் தீதி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் தீவு இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள், அக்காவின் இந்தியில் பாதி தமிழ், ஷெஃபாலியின் இந்தியில் பாதி வங்காளம், ஆனாலும் பேச்சு ஓய்ந்து நான் பார்த்ததில்லை. செல்வி ஸ்கூல் விட்டு வந்து தனியாகத் தூங்கும்போது நிலம் ஆடினால், வெளியிலிருந்து திறந்து அவளை இழுத்து வர ஒரு ஆள் வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்காதீர்கள் என்பது நான் எல்லோருக்கும் ஓதுகிற வேதம். அக்காவுக்கும் ஓதினேன். அவர் பாட்டுக்கு முந்தானையிலிருந்து ஒரு ரப்பர் துண்டை எடுத்தார். கச்சாலுக்கு ஒருமுறை போய்வந்தபோது கொண்டுவந்த, புகை போட்ட ரப்பர் ஷீட்டில் விரல் அகலத்துக்கு நறுக்கியது. அதை ஷெஃபாலியின் சாவியில் கோத்து முடிச்சுப் போட்டார். சாவி மாறிவிடாமல் இருக்க அடையாளமாம். போகும்போது எனக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

"ஆபத்துன்னா ஓடியாற ஆளுக்குத்தான் சாவி தர்றேன், ஊருக்கா தர்றேன்?"

அரை நிமிட வேலை

ஒரு காலை வேளை. தீவுகளிலிருந்து வந்த போட்டில் இறங்கிய கூட்டம் அப்படியே கடையில் ஏறி நின்றது. ஒருவருக்குத் தாழ்ப்பாள், ஒருவருக்குக் கீல், எல்லோருக்கும் உடனே வேண்டும். அந்த நெரிசலில் ஒருவன் பணிவாகக் கையை நீட்டி ஒரு சாவியைக் கொடுத்தான். நகக்கண்ணெல்லாம் பச்சை பெயிண்ட். ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, வீட்டுக்கார அம்மா ஸ்பேர் சாவி ஒன்று வெட்டிவரச் சொன்னார் என்று இந்தியில் சொன்னான். எந்த வீடு, எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடத்தில் சாவியையே வெட்டிவிடலாம் என்பது அப்போது என் பெருமை.

சாவியில் ரப்பர் துண்டு தொங்கியது. மெஷின் கவ்வியில் சிக்காமல் அதை என் விரலாலேயே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். புகை வாசனைகூட வந்தது. என்னத்தைச் சொல்ல, கை பார்த்ததை மண்டை பார்க்கவில்லை. வெட்டி முடித்ததும் அவன், இந்தியில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி பையா என்று கூப்பிட்டு ஒரு வேண்டுகோள் வைத்தான். நானும் பொறுப்பாக அரத்தை எடுத்து ஓரமெல்லாம் தேய்த்துக் கொடுத்தேன்.

"நல்லா வழவழன்னு பண்ணிக் குடுங்க பையா, வீட்ல குழந்தை தூங்கும், சத்தம் வரக் கூடாது."

உடையாத பூட்டு

பத்து நாள் கழித்து அக்கா வீட்டில் திருட்டு. பட்டப்பகல். அக்கா வேலையில், செல்வி ஸ்கூலில், ஷெஃபாலி மார்க்கெட்டில். டிரங்குப் பெட்டியில் செல்வியின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த செயினும், அக்கா புருஷனின் வாட்சும் போய்விட்டன. சுனாமி நேரத்தில் அந்த வாட்ச் போர்ட் பிளேரில் ரிப்பேருக்கு வந்திருந்தது. அதனால்தான் தப்பியது. அந்த மனிதருடையது என்று அக்காவிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பூட்டில் ஒரு கீறல் இல்லை. பொருத்தியவன் என்பதால் போலீஸ் என்னைக் கூப்பிட்டு, சாவி இல்லாமல் இதைத் திறக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் விற்ற பூட்டு அல்லவா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முடியவே முடியாது என்றேன். மொத்தம் எத்தனை சாவி? மூன்று. சொன்ன மாத்திரத்தில் அங்கே நின்ற அத்தனை கண்ணும் ஷெஃபாலி பக்கம் திரும்பின. மாரியாயி அக்காவின் கண்ணும்தான்.

ஷெஃபாலி ஓடிப்போய்த் தன் சாவியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். ரப்பர் துண்டு ஆடியது. அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுச் சுவர், புதுப் பச்சை பெயிண்ட். அந்தப் பச்சை நகக்கண்காரன் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தான். சொல்லியிருக்க வேண்டும். திருடனுக்குச் சாவி வெட்டியவன் என்று பெயர் வந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்தேன். அடுத்தவர் பயத்தில் பிழைத்தவன் என் பயத்தில் மாட்டிக்கொண்டேன். ஷெஃபாலி என்னைத்தான் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க பையா, இந்தச் சாவி என் வீட்டு ஆணியை விட்டு எங்க போச்சு?"

பூட்டை மாற்று

அக்கா ஷெஃபாலி பேரில் புகார் எழுதித் தரவில்லை. சண்டையும் போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேரும் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காத மாதிரி இருந்தார்களாம், செல்வி சொன்னாள். தெரு பேசாமல் இருக்குமா? அது தன் பங்குக்குப் பேசியது. ஒரே மாதத்தில் ஷெஃபாலி குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஊருக்கு வெளியே சௌல்தாரியில் புருஷனின் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே அக்கா புதுப் பூட்டு வாங்கிப் போனார். பழக்க தோஷத்தில், மூன்றாவது சாவி வெட்டட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு போதும் தம்பி. மூணாவதுக்கு ஆளில்ல."

பொங்கல் டப்பா

நான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். பொங்கலன்று அக்கா ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து, இந்த ஊரில் நம்பி ஒரு வேலையைக் கொடுக்கலாம் என்றால் அது உன்னிடம்தான் என்று சொல்லிக் கையில் வைத்தார். ஒரு வாய் போட்டேன். டப்பாவை மூடி வைத்தேன். கடையில் ஆள் நின்றதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே, அந்த இடத்திலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுந்தார்.

"அவ மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னோமே, நீயும் நானும்."

சௌல்தாரி

போலீசிலும் போய்ச் சொன்னேன். அந்த ஆள் எப்போதோ கப்பலேறிவிட்டான் என்று தெரிந்தது, செயினும் வாட்சும் போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் பஸ்ஸில் சௌல்தாரிக்குப் போனோம். அக்கா மடியில், அவர் சொல்லி நான் வெட்டிய புதிய மூன்றாவது சாவி, ரப்பர் துண்டு கட்டி.

ஷெஃபாலி வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள். நான் நின்றபடியே முழுக்கச் சொன்னேன். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று திரும்பத் திரும்ப அழுதார். ஷெஃபாலியும் அழுதாள். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். பெயிண்டர் குடிக்கத் தண்ணீர் கேட்டபோதெல்லாம் அவனை முன்னறையில் விட்டுவிட்டு உள்ளே போனதையும், ஆணி அந்த அறையில்தான் இருந்தது என்பதையும் அவளே சொன்னாள். கிளம்பும்போது அக்கா சாவியை நீட்டினார். ஷெஃபாலி அதை வாங்கி, ரப்பர் துண்டை ஒருமுறை தடவிப் பார்த்து, அக்காவின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அதற்கப்புறம் என்னிடம்தான் சொன்னாள்.

"நீங்களாவது நாலு மாசம் கழிச்சு வந்து சொன்னீங்க பையா. தீதி என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்ல. கேட்டிருந்தா அன்னைக்கே அந்தப் பெயிண்டரைப் பத்திச் சொல்லியிருப்பேன், ஆள் அப்ப ஊர்லதான் இருந்தான்."

இப்போதெல்லாம் டூப்ளிகேட் சாவி கேட்டு வருகிறவர்களிடம் யார் வீடு, யார் அனுப்பினார்கள் என்று நான் நிறுத்தி வைத்துக் கேட்கிறேன், பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள், எதிர்க்கடைக்காரர் ஒன்றுமே கேட்பதில்லை.