பெயர் சொல்லி ஜெபித்தேன்

தன் மகள் புருஷனை விட்டு வந்துவிட்டதை, பக்கத்து வீட்டு மல்லிகாக்கா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் புருஷனோடு மறுபடி சேர வேண்டுமென்று அழுது ஜெபித்தேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

இரண்டே நாளில் சேந்தமங்கலத்தில் எங்கள் தெரு முழுக்க அதே பேச்சு. மல்லிகாக்கா சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ளைக்காவ அழுதீங்களாமா, ரொம்ப சந்தோசமுங்க. ஆனா, பேரைச் சொல்லாட்டி உங்க சாமிக்குத் தெரியாதுங்களா?”

குரலில் கோபமே இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

நான் அழுதது பொய்யில்லை. ஆனால் அன்று அந்தப் பெயரை யார் காதில் போட்டேன்?