மாமன் மடி

செக்காலை ரோட்டில் ஆட்டோ ஓட்டும் சேவுகப்பெருமாள் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டான். "கலெக்டரு வந்துட்டாருடா" என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். சட்டைக்குள்ளே முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

ஐந்து வருஷமாகக் கத்திரிக்காயும் கருவாடும் தொட்டதில்லை. அழுக்குதான் காரணம் என்று எவனோ சொல்ல, பீர்க்கங்காய் நாரால் ரத்தம் வரத் தேய்த்துக் குளித்தான். யாருக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று தனிச் சோப்பு, தனித் துண்டு, தனித் தம்ளர்.

அதெல்லாம் போகட்டும். ஒக்கூரில் இருக்கும் தங்கச்சி மாரீஸ்வரியின் மகள் தீக்ஷாவுக்கு நாலு வயசாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? இவனோ அந்தப் பிள்ளையை ஒருதரம்கூடத் தூக்கியதில்லை. மூன்று தடவை தேதி குறித்தார்கள். மூன்று தடவையும் சாக்குச் சொன்னான்.

"சீருக்குப் பயந்து ஒளியிறீகளாண்ணே? வைகாசிக்கும் வரலைன்னா எங்க கொழுந்தன் மடியில வச்சுக் குத்திருவேன். அதோட நம்ம உறவு அத்துப்போச்சு!" என்று போனை வைத்தாள் தங்கச்சி.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். தோல் டாக்டரம்மா வெறுங்கையால் அவன் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது சொரியாசிஸ். கிருமியை விரட்ட வேண்டிய உடம்பு, ஆள் தெரியாம சொந்தத் தோல் மேலயே பாயுது. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் நாலே நாள்ல வளந்து உதிருது. அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க தேய்க்கத் தேய்க்க அந்தக் காயத்துலயே இன்னும் கெளம்பும். கவலை, தொண்டைப்புண், சிகரெட்டு, இதெல்லாமும் கிளப்பிவிடும்."

"பிள்ளைக்கு ஒட்டுமா டாக்டரம்மா?"

"ஒட்டவே ஒட்டாது. சில குடும்பத்துல பரம்பரையா வரும். அதுக்குத் தள்ளி நின்னு என்ன பிரயோசனம்? முழுசாப் போகாது, மருந்து போட்டா அடங்கியிருக்கும்."

அடப்பாவி மனுஷா, இதைக் கேட்கவா ஐந்து வருஷம்! ஆட்டோவில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டான்.

வைகாசியில், காளையார்கோவில் வாசலில், தங்கச்சி முன்னால் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான்.

"இதுக்காகவாண்ணே? நான் என்னென்ன பேசிட்டேன்..." மாரீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மகளைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

ஆசாரி ஊசியை அழுத்தியதும் தீக்ஷா வீலென்று அலறி மாமன் கையை இறுக்கிப் பிடித்தாள். பட்டுப்பாவாடையில் செதில் உதிர்ந்தது. பழக்கதோஷத்தில் வெடுக்கென்று கையை இழுத்தான். அவள் விடவில்லை.

"மாமா, இன்னொரு காதும் குத்துவாகளா?"

"ஆமாத்தா."

"அப்படின்னா கையை எடுக்காத."