கட்டைவிரல் வைக்கும் இடம்

நான் எட்டாவதோடு நின்றவன். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றேன். இப்போது வேங்கிக்காலில் வீடு. எங்கள் பக்கத்து ஆயில் இன்ஜின்களையும் கபடி ஆட்டக்காரர்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். அது அச்சுக்கு ஏற ஒரே நாள்தான் இருந்தது.

அதில் ஒரு அத்தியாயம் கீழ்பென்னாத்தூர் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியது. இப்போது அவர் இல்லை. கபடி பாடிப் போனால் ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருவார். தினமும் கிணற்று இன்ஜினைக் கிளப்ப ஹேண்டில் சுற்றியதால் வந்த மூச்சு அது என்று எழுதியிருந்தேன். யாரும் சொன்னதில்லை. நானாகக் கண்டுபிடித்தது. புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

அவர் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அச்சுக்கு முன் அந்த அக்கா காதில் போட்டுவிடலாம் என்று பஸ் ஏறினேன். வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்பா, அந்தாளு எங்க ஹேண்டில் சுத்துனாரு? விடிஞ்சா களத்துக்கு ஓடிப்பூடுவாரு. சுத்துனதெல்லாம் நானு."

"நீங்களாக்கா?"

"பின்ன, உங்க கம்பெனிக்காரன் வந்து சுத்துனானா?"

நான் நம்பவில்லை. அந்த இன்ஜினில் ஆண்களே திணறுவார்கள். அக்கா வலது கையை நீட்டினார். மணிக்கட்டு கோணலாக இருந்தது.

"ஒருநாளு கட்ட வெரல சுத்திப் புடிச்சிட்டேன். ஒதைச்சிடுச்சு."

சுற்றியவருக்குத்தான் இது தெரியும். இன்ஜின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவ வேண்டும். அதற்காகக் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைப்போம். சுற்றிப் பிடித்தால் எலும்பு போய்விடும். என் மணிக்கட்டும் அப்படிப் போனதுதான். பக்கத்தில் நீட்டினேன்.

"அட, நீயும் மாட்னவன்தானா!"

பிறகு அக்காவின் குரல் இறங்கியது. "மாத்தி எழுதுனா, பொண்டாட்டிய வேல வாங்கிட்டு வெளையாடப் போனாருன்னு பேசுவாங்களேப்பா. கை ஒடிஞ்சப்போ இன்ஜினு, சோறு எல்லாம் அவருதான். எனக்குத் தலைகூட வாரி வுட்டாரு. அந்த வருசம் ஒரு ஆட்டத்துக்கும் போவல. அதயும் சேத்து எழுது."

அந்த வருஷம் அவர் ஆடாததற்குக் காயம்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். காயம் சரிதான். கைதான் அக்காவுடையது.

அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"கீழ்பென்னாத்தூர்க்காரர் வர்ற நாலு பக்கத்த நிறுத்துங்க."

"இன்னா சார், கடைசி நேரத்துல..."

"நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அவருக்கு அந்த மூச்சு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன். இன்ஜினைச் சுற்றியது யார் என்று எழுதினேன். அந்த வருஷத்துச் சோற்றையும் எழுதினேன்.

அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் என் கற்பனை அச்சாகியிருக்கும். அந்தச் சிரிப்புக்கு நான் கடன்பட்டவன்.

புத்தகம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோறு வரும் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.