பதினொரு பியருக்கு நான் போட்ட பொய் மதிப்பெண்

முப்பது வருடங்களுக்கு மேல் மூணாறு பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ருசி பார்க்கும் வேலை செய்தேன். மேசையில் இருபது கோப்பைகள் வரிசையாக நிற்கும். எது எந்த நாள் இலை, யார் பக்குவம் செய்தது என்று தெரியாமலிருக்க, எண் சீட்டைக் கோப்பையின் அடியில் ஒட்டியிருப்பார்கள். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் ஒரு சுற்று சுற்றித் துப்பிவிட்டு மதிப்பெண் போட வேண்டும். ஆளைப் பார்த்து நான் ஒரு நாளும் மதிப்பெண் போட்டதில்லை. அந்தப் பெருமையோடுதான் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு, பெற்ற மகளிடம் அந்தத் தவறைச் செய்தேன்.

மகள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பெங்களூரில் ஒரு சிறிய ப்ரூவரியில் கிராஃப்ட் பியர் காய்ச்சும் வேலையில் சேர்ந்தாள். நான் சபைக் கமிட்டியில் இருப்பவன். கேட்டவர்களிடம் ஏதோ உணவுக் கம்பெனி என்று சொல்லிவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒருவர், "என்ன சார், மக காய்ச்சுறதுல நமக்கு ரெண்டு பாட்டில் வராதா?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அது கோபமாக மாறியிருந்தது. கேட்டவர் மேல் அல்ல, மகள் மேல்.

அடுத்த மாதமே கண்புரை அறுவைக்காக நானும் மனைவியும் பெங்களூர் போய் அவள் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். வேலை முடிந்து வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவருவாள். "நாக்கு சும்மாதான இருக்கு, பாத்துச் சொல்லுங்கப்பா" என்பாள். முதல் நாள் பழக்க தோஷத்தில் உறிஞ்சிவிட்டு வாஷ்பேசினில் துப்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பியர முழுங்கணும்ப்பா. கசப்பு தொண்டையிலதான் தெரியும்." துப்பினால் குடித்ததாகாது என்று நான் வைத்திருந்த சட்டம் அன்றோடு முடிந்தது. விழுங்கினேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பியருக்கு ஐந்துக்கு எத்தனை என்று எவரும் மதிப்பெண் போட்டு, ஒரு வரி குறிப்பும் எழுதலாம் என்ற வசதியோடு ஒரு செயலி உண்டு. அவள்தான் காட்டினாள். இல்லாத ஒரு பெயரில் அதில் சேர்ந்தேன். அவளிடம் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அறைக்குப் போய் ஒன்றரை, ஒன்றே கால் என்று போட்டேன். இப்படிப் பதினொரு பியர். கை பழகியதை விடாது அல்லவா, அதனால் உண்மையான மதிப்பெண்ணையும் ஒரு நோட்டில் எழுதினேன். இடது பக்கம் நாக்கு சொன்னது, வலது பக்கம் செயலியில் போட்டது.

அவள் முழுக்கத் தானாக உருவாக்கிய முதல் பியர் ஒரு கோதுமை பியர். விற்பனைக்கு வந்து சில நாளே ஆகியிருந்ததால் அதற்கு மதிப்பெண் போட்டவர்கள் மிகக் குறைவு. என் ஒன்றரை அதன் சராசரியை அப்படியே கீழே இழுத்தது. முதலாளி அதைப் பார்த்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். மதியச் சாப்பாட்டின்போது அவள் அதைச் சொன்னாள். நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டு, "போகட்டும், வேற காய்ச்சு" என்றேன்.

போடிமெட்டுச் சாலையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பின், பெட்டியை ஒழிக்கும்போது மனைவி நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"இதென்ன, ஒரு பியருக்கு ரெண்டு மார்க்கு?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. "நீங்களா அவகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது" என்றாள். நாளை நாளை என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டேன்.

போன மாதம் மகள் போடி வழியாக மேலே ஏறி வந்தாள். ஐஸ் பெட்டியில் மூன்று பாட்டில்கள். எங்கள் மலைத் தேயிலையைப் போட்டு மூன்று விதமாகக் காய்ச்சிப் பார்த்திருந்தாள். எதை முதலாளியிடம் கொண்டுபோவது என்று நான் சொல்ல வேண்டும். மதியம் சாப்பிட்டு முடித்ததும் முன்னறை மேசையில் மூன்று கண்ணாடித் தம்ளர்களை வைத்தாள். அடியில் எண் ஒட்டியிருந்தாள். அவள் பாட்டிலைத் திறக்குமுன் நான் எழுந்தேன். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அவள் முன் வைத்தேன்.

"அந்த ஒன்றரை போட்ட ஆளு நாந்தான்."

"தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"அந்தக் கறுப்பு பியர், ஸ்டவுட்டு, அதுக்குப் பெட்டி வாடைன்னு எழுதுனீங்கல்லா. பியர் குடிக்குற எவன் அப்படி எழுதுவான்?"

ஈரமான மரப்பெட்டியில் அடைத்த தேயிலையில் மரத்தின் வாடை ஏறிவிடும். அதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது. அந்த ஒன்றை மட்டும் உள்ளபடி எழுதியிருந்தேன்.

"போய்ப் பாத்தா, பார்லி மால்ட் மூட்டைய நனைஞ்ச பலகை மேல அடுக்கியிருக்காங்க. எங்க யாருக்கும் தெரியல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம பேர மறைச்சு எழுதுறீங்கன்னு நெனச்சேன். அதான் மத்த மார்க்கையும் அப்படியே நம்புனேன்."

அதுவரை நான் அறிந்திருந்த குற்றம் சின்னதாகிவிட்டது. "நோட்டப் பாரு" என்றேன்.

பக்கங்களைத் திருப்பினாள். கோதுமை பியர் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"நாலே காலா?"

"ஆமா."

"எங்கப்பா நாக்கே ஒன்றரைன்னு சொன்னா அது மோசந்தான்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கோதுமையத் தொடவே இல்லப்பா."

"சபையில சிரிச்சாங்க. அந்தக் கோவத்த உன் பியர்ல காட்டிட்டேன். அதுல ஒரு கொறையும் இல்ல."

எழுந்து வெளியே போய்விட்டாள். ஜன்னல் வழியாக, ஏலக்காய் காயப்போட்டிருந்த தார்ப்பாய் அருகே அவள் நிற்பது தெரிந்தது. மூன்று பாட்டில்களும் மூடியோடு இருந்தன. அப்படியே வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கிளம்பினால் தடுக்க எனக்கு என்ன உரிமை? மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு வருசமா நெஞ்செரிச்சல்னு எங்கிட்ட கசாயம் வாங்கிக் குடிச்சாரு. இதுதான் அந்த எரிச்சலு" என்று ஜன்னல் பக்கமாகச் சத்தம் கொடுத்தாள். மகள் திரும்பவில்லை, ஆனால் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தாள்.

"உக்காருங்க. பியர் சூடாகுது."

"இன்னும் என்ன நம்பிக்கையில எனக்கு ஊத்துற?"

"உங்களுக்குப் பொய்யா எழுதத்தான் தெரியுது. பொய்யா ருசிக்கத் தெரியல. அது இந்த நோட்டுல இருக்கு. ஆனா மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. அது மெதுவாத்தான் வரும்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. முதல் தம்ளரில் தேயிலையைக் கொதிநிலையில் போட்டிருக்கிறாள். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. இரண்டரை. இரண்டாவதில் குளிர்ந்த நீரில் ஊறிய தேயிலை. மணம் முதலில் வந்தது, பியர் பின்னால் வந்தது. மூன்றே முக்கால். மூன்றாவதில் தேயிலை இருப்பதையே தேட வேண்டியிருந்தது. "ரெண்டாவதக் கொண்டு போ. ஆனா இலைய இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாலயே எடுத்துரு" என்றேன். எழுதிக்கொண்டாள்.

செயலியிலிருந்து என் கணக்கை அழித்துவிடவா என்று கேட்டேன். அழித்தால் தப்பித்ததாகிவிடும், ஒவ்வொன்றாகத் திருத்துங்கள், சொந்தப் பெயரில் திருத்துங்கள் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் அதே மனிதர் மகளைப் பற்றி விசாரித்தார். பெங்களூரில் பியர் காய்ச்சுகிறாள், தேயிலை போட்டு ஒன்று செய்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

தினம் ஒன்றாகத் திருத்திவருகிறேன். நேற்று ஒன்பதாவது. மாலையில் போன் வந்தது.

"அந்த இஞ்சி பியருக்கு ரெண்டே முக்காலா? அதுக்குப் பழைய பொய்யே பரவாயில்லையே, பொய்தானன்னு விட்டிருப்பேன்."

"ரெண்டே முக்கால்தான். இஞ்சி கொஞ்சம் வேகாத மாதிரி இருந்துச்சு."

"வேகாம இருக்கணும்னுதான் அப்படிப் போட்டேன்."

"அப்போ அது உன் ருசி. என் மார்க்கு மாறாது."

அரை மணி நேரம் சண்டை போட்டாள். பிறகு, முதலாளி ஒரு சின்னப் பானை கோதுமை பியருக்குச் சம்மதித்துவிட்டார், எப்போது போடட்டும் என்று கேட்டாள். மழை விடட்டும், ஈரத்தில் மூட்டையில் மறுபடி பெட்டி வாடை ஏறிவிடும் என்றேன். அதெல்லாம் காத்திருக்க முடியாது, திங்கட்கிழமையே போடுகிறேன் என்றாள்.