மாப்பிள்ளை அங்கி

பழைய துணிகளைச் செப்பனிடுவது என் தொழில். அருங்காட்சியகங்களுக்கும், பரம்பரைப் பட்டு வைத்திருக்கும் வீடுகளுக்கும் செய்து கொடுக்கிறேன். பொறுமை வேண்டிய வேலை என்பார்கள். பொறுமையாவது மண்ணாவது. வேண்டியது பயம். கை தவறினால் போனது போனதுதான் என்கிற பயம் கொஞ்சம் விலகினாலும், பழம்பட்டு கையோடு வந்துவிடும். அந்த வகையில் நான் பிறவிக் கலைஞி. கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே நாற்காலியில் ஏறுகிறவள்.

செஞ்சி கடைத்தெருவில், மாடியில் இருக்கும் என் அறைக்கு அந்த அங்கியைக் கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம் அக்கா. பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் குடும்பம். கருஞ்சிவப்புப் பட்டு, கழுத்தைச் சுற்றி ஜரிகை, முழங்கால் வரை நீளம். அந்த வீட்டு மாப்பிள்ளைகள் நிக்காஹ் அன்று அதைத்தான் போடுவார்களாம். அக்காவின் கணவரும் போட்டிருக்கிறார். அவர் இறந்துவிட்டார். இப்போது ஒரே மகனுக்குக் கல்யாணம்.

மேசையில் விரித்துப் பார்த்தேன். முன்பக்கம் பளபளப்பு. முதுகுப் பக்கமோ அப்பளம் மாதிரி நொறுங்கக் காத்திருந்தது.

“போட முடியாதுக்கா. பெட்டியில வச்சிப் பாக்கலாம், அவ்ளோதான்.”

“அவன் அத்தாதான் இல்ல. அவுரு போட்டதாச்சும் புள்ள மேல இருக்கட்டும்மா. இத வுட்டா எங்கிட்ட இன்னா இருக்குது?”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து தூக்கம் போனது. முதுகுக்கு அடியில் சன்னமான வெள்ளை வலைத்துணி கொடுத்து, முடியை விட மெல்லிய பட்டிழையால் தாங்கிப் பிடித்தேன். கீழே பேருந்து ஹாரன் அடித்தால்கூட ஊசியை எடுத்துவிட்டு, நெஞ்சு அடங்கிய பிறகுதான் மறுபடி குத்துவேன்.

அளவு பார்க்க மகன் வந்தான். சென்னையில் வேலை, தினமும் ஜிம். தோளைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. “மூச்ச இழுக்காதப்பா!” என்று கத்தினேன். அவன் சிரித்தான். சிரிக்கவும் வேண்டாம் என்றேன். பிறகு தாயிடமும் மகனிடமும் நிபந்தனைகளைச் சொன்னேன். உட்கார்ந்தே இருக்க வேண்டும். மாலை கூடாது, பன்னீர் கூடாது, அத்தர் கூடாது. கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது. நிக்காஹ் முடிந்ததும் பக்கத்து அறைக்குப் போய்க் கழற்றிவிட வேண்டும். இருவரும் தலையாட்டினார்கள்.

கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு மாடி. கைப்பையில் ஊசியும் வலைத்துணியுமாக, ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே மேடையில் மகன் சிலையாக உட்கார்ந்திருந்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதினார், அவன் சம்மதம் சொன்னான், துஆ முடிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அவன் எழுந்தான். கூடவே ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள். முதல் ஆள் இரண்டு கையையும் விரித்தபடி அவனை நோக்கிப் போனார்.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவுவார்கள். இந்த ஊரில் எத்தனை நிக்காஹ்வில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்! மின்விசிறிக் காற்றைக்கூட யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. அந்த வீட்டாருக்கோ அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. ஆண்கள் பக்கம் ஓடிப்போய், தொடாதீர்கள் என்று கத்தவா முடியும்?

பையன் கெட்டிக்காரன். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தோளை மட்டும் கொடுத்தான். ஒவ்வொருவர் விலகும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

வரிசை முடியும் நேரத்தில் வாசல் பக்கம் சலசலப்பு. ஒரு பெரியவர் உள்ளே வந்தார். பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பிடித்தார்.

“யாருக்கா?”

“எங்க பெரிய மச்சான். இவன் அத்தாவோட அண்ணன். தம்பி மவுத்தாயி அடக்கம் பண்றப்பக்கூட வரல.”

“ஏன்?”

“இந்த அங்கிக்குத்தான். மூத்தவன் வூட்டுக்குத்தான் வரணும்னாரு. மாமி எங்களுக்குக் குடுத்துட்டாங்க. அன்னியோட பேச்சு நின்னுச்சி.”

பெரியவர் நேராகப் போய் அவன் முன் நின்றார். கையை விரிக்கவில்லை. அங்கியையே பார்த்தார். திரும்பிப் போய்விடுவாரோ என்று அக்காவுக்குப் பயம். கட்டிப்பிடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

பையன் இரண்டு கையையும் தூக்கி அவரை அணைத்துக்கொண்டான்.

அவ்வளவு தூரத்தில் பட்டு கிழிகிற சத்தம் கேட்காது. ஆனால் இடது தோளுக்குக் கீழே வெள்ளை வலைத்துணி வெளியே தெரிந்தது. அவர்கள் விடவில்லை. வெள்ளை நீண்டுகொண்டே போனது.

நான் கீழே ஓடினேன். பக்கத்து அறை வாசலில் அந்தப் பெரியவரே, பையன் கழற்றிக் கொடுத்த அங்கியோடு நின்றிருந்தார். பச்சைக் குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

“நான்தாம்மா இறுக்கிப் புடிச்சிட்டேன். இதால மறுபடியும் பேச்சு நின்னுடக் கூடாது. தச்சிட்லாமா?”

இற்றுப்போன பட்டைத் தைக்க முடியாது. ஊசி போன வழியெல்லாம் புதிதாகக் கிழியும். எத்தனையோ வீட்டாரிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

“தச்சிடலாங்க,” என்றேன்.

பின்னாலேயே அக்கா வந்து நின்றார். அங்கியின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை.

“சாப்டீங்களா மச்சான்?”

பெரியவரால் நகர முடியவில்லை. அங்கியை விட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, அதை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார். நான்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அதை வாங்கிக்கொண்டு, அவரைச் சாப்பிட அனுப்பினேன்.