கரைக்கு முதுகு காட்டி

யாரையும் லேசில் நம்புகிற ஆள் நானில்லை. கருவாடு வாங்கினால் அடுக்கின் அடியில் கையை விட்டு ஒன்றை உருவி முகர்ந்து பார்ப்பேன். பஸ் கண்டக்டர் இடமிருக்கிறது என்றால் எட்டிப் பார்த்த பிறகுதான் காலை வைப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத்தில் காணி எடுத்து வந்தவன் நான். பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்து இருந்து வந்த குணம் என்று சொல்லிக்கொள்வேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பாள் மனைவி.

ஐம்பதுகளின் கடைசியில் அவளுக்கு ஓர் ஆசை பிடித்தது. காரணம், எங்களிடம் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போகிற முல்லைத்தீவுக்காரன். கத்தோலிக்கன், சொந்த வள்ளம் வைத்திருந்தவன். ஒருநாள் குசினி வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, தான் மீன்பிடிக்கும் பாரைப் பற்றிச் சொன்னான். கடலடியில் முருகைக்கல் என்கிற பவளப்பாறை வளர்ந்து கிடக்கும் மேட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள்.

"பங்குனியிலை தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அக்கா. வள்ளத்திலை இருந்துகொண்டே பாக்கலாம். மான்கொம்பு மாதிரி, காளான் மாதிரி, ஊதா, மஞ்சள், இல்லாத நிறமில்லை."

"இஞ்சாருங்கோ, நெல்லு வெட்டுச் சூடடிப்பு முடிய ஒருக்கால் போவமே?" என்றாள் என்னிடம்.

இருவருக்கும் நீந்தத் தெரியாது. குளத்தில் முழங்காலளவு தண்ணீருக்கு அப்பால் நான் போனதில்லை. ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துச் செய்தேன். காற்று எப்போது ஓயும் என்று கடற்கரைப் பக்கத்து ஆட்கள் மூன்று பேரைத் தனித்தனியே விசாரித்தேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னதும், கூடிப் பேசி வைத்திருப்பார்களோ என்றிருந்தது. உழவு மெசினின் பழைய டியூப் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒட்டுப்போட்டு, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியை வெட்டி, படச் சட்டமொன்றின் கண்ணாடியைத் தார் பூசிப் பொருத்தினேன். தண்ணீரில் அழுத்திப் பார்த்தால் அடி தெரியும் என்று அவன்தான் சொல்லித் தந்தான்.

கூட்டிப்போக அவன் சம்மதித்தான். ஆனால் நிபந்தனைகள் போட்டான்.

"நங்கூரத்தை மணலிலைதான் போடுவன், கல்லிலை போடமாட்டன். காலை இறக்கப்படாது. ஒரு துண்டும் முறிக்கப்படாது, அக்கா, அது உயிருள்ள சாமான். மற்றது, பாரிலை நிக்கேக்கை ரெண்டு பேரும் கரைக்கு முதுகு காட்டித்தான் இருக்கவேணும்."

"ஏன் தம்பி, கரையிலை என்ன?" என்றேன்.

"கரையிலை இருக்கிற அடையாளத்தை வைச்சுத்தான் அண்ணை பாரைக் கண்டுபிடிக்கிறது. அப்பு எனக்கும் அண்ணனுக்கும் விட்டுட்டுப்போன சொத்து அது ஒண்டுதான். வேறை ஆருக்கும் தெரியாது. வெடி போட்டு மீன் அள்ளுறவங்களின்ரை காதிலை விழுந்தால் எங்கட கதை முடிஞ்சுது."

மனைவி உடனே தலையாட்டினாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் இந்தியக் கரையிலிருந்து சேலையும் பீடியும் கள்ளமாய் வந்திறங்கிக்கொண்டிருந்தன. மீன் பிடிக்கிற இடத்தை ஒளிப்பானேன்? கடலுக்குள் வேறெதையோ தாட்டு வைத்திருக்கிறான் என்று மனதில் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

முதல்நாள் புதுக்குடியிருப்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் தோளில் கிடந்த துவாயால் கதிரையைத் துடைத்து எங்களை இருத்தினார். மனைவிக்குச் சீனி கூடவா குறையவா என்று கேட்டார். நாங்கள் பார் பார்க்கப் போவதையும், மத்தியானத்துக்குள் திரும்பாவிட்டால் வள்ளக்காரரைக் கூப்பிட்டுத் தேடச் சொல்லும்படியும் அவரிடம் சொல்லி வைத்தேன். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கருவாட்டை முகர்ந்து பார்த்து வாங்குகிறவன், அவரை ஒரு தேத்தண்ணியோடு நம்பினேன்.

டியூப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு நான் வள்ளத்தில் ஏறியதைப் பார்த்து மனைவி சிரித்தாள். ஒரு மணி நேரம் துடுப்பு வலித்திருப்பான். பிறகு வேகத்தைக் குறைத்து, எங்கள் தலைக்கு மேலாகக் கரையைப் பார்த்துப் பார்த்து வள்ளத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். தகரத்தைத் தண்ணீரில் அழுத்தி மனைவி குனிந்தவள், நிமிரவேயில்லை. நானும் பார்த்தேன். அவன் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கொம்பு கொம்பாகக் கிளைத்த கல்லுக்குள் சிறு நீல மீன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒரு துண்டு கொண்டுபோய்ச் சாமிப் படத்தட்டில் வைத்தால் என்ன என்று அவள் கை நீண்டது. பிறகு அவளே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் வள்ளத்தின் முன்முனையில் நங்கூரக் கயிற்றோடு குனிந்து நின்றான். அந்த நேரம் பார்த்து நான் திரும்பினேன். கோயில் சிலுவை ஒரு மொட்டைப் பனைக்கு நேரே நின்றது. தெற்கே மீன்காரர் தங்கும் ஒரு வாடியின் வெள்ளைச் சுவர் ஆலமரத்துக்கு நேரே நின்றது. மனதில் பதித்துக்கொண்டு பழையபடி முதுகு காட்டி இருந்தேன். மனைவி மட்டும் கண்டாள்.

பத்திரமாகக் கரைக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அதே கடைக்குப் போனோம்.

"எந்தப் பக்கம் போனியள்?" என்றார் கடைக்காரர். "இனியொருக்கால் வந்து ஏதும் நடந்தால், எங்கை வந்து தேடுறதெண்டு தெரியவேணுமெல்லே."

எவ்வளவு பொறுப்பான கேள்வி. பத்திரிகைத் துண்டொன்றில் சிலுவை, பனை, வாடி, ஆலமரம் எல்லாவற்றையும் கோடு போட்டுக் காட்டினேன். வள்ளக்காரன் ஏதும் கடத்தல்காரனாக இருந்தால், பிறகு நானும் ஒரு சாட்சி என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தத் தம்பி என்ன சொன்னது, நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றாள் மனைவி, பஸ்ஸில்.

"வெளுத்ததெல்லாம் பாலெண்டு நம்பச் சொல்லுறியோ?" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவன் வரவில்லை. பொலிசில் பிடிபட்டிருப்பான் என்று நான் சொல்லித் திரிந்தேன். ஆவணியில் ஒரு மத்தியானம் வந்தான். சைக்கிளின் பின்னால் கருவாட்டுப் பெட்டி இல்லை. மடியிலிருந்து சாம்பல் பூத்த ஒரு முருகைக்கல் துண்டை எடுத்து மனைவியின் கையில் வைத்தான்.

"இப்ப எடுக்கலாம் அக்கா. செத்தது."

வைகாசியில் மூன்று வள்ளங்களில் வந்து வெடி போட்டார்களாம். மீனை அள்ளி, உடைந்த கல்லையும் சுண்ணாம்புச் சூளைக்கு ஏற்றினார்களாம். யாரென்று தெரியுமா என்று கேட்டேன். தேத்தண்ணிக் கடைக்காரரின் மருமகனும் கூட்டாளிகளும் என்றான். நான் கோடு போட்டுக் கொடுத்த பத்திரிகைத் துண்டு நினைவுக்கு வந்தது.

"அவங்களுக்கு இடம் சொன்னது எங்கட அண்ணன்தான். எனக்கும் அவனுக்கும்தானே தெரியும். அம்மா செத்த வீட்டிலையும் நான் அவனோடை கதைக்கேல்லை" என்றான்.

மனைவி கல்லைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"உங்களை நான் துளியும் சந்தேகப்படேல்லை, அண்ணை" என்றான் அவன். "நான் சொன்ன சொல்லுக்கு முதுகு காட்டிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

ஒரு வசனம் சொன்னால் போதும், அண்ணனும் தம்பியும் ஒரு முற்றத்தில் நிற்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"வெய்யிலுக்கை வந்திருக்கிறாய் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

மனைவி இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. நானே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன்.