கதிரையில் வைத்த சிலிண்டர் ஹெட்

ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் தொலைபேசி. "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்றான் ஜுனைதீன் நானாவின் மகன். ஸ்பேனர் நழுவி, புதிதாகச் சீவி மட்டம் பிடித்துக் கொண்டுவந்த சிலிண்டர் ஹெட்டின் மேல் விழுந்தது. நகம் இடறும் அளவுக்கு வடு. அப்படியே பூட்டினால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து எஞ்சின் நாசமாகும்.

கட்டுகஸ்தோட்டையில் நானாவும் நானும் கூட்டாக வாகனம் திருத்தும் கராஜ் நடத்தினோம். அவருடைய ஜனாஸா அடக்கத்தில் நான் நின்றபோதும் அந்த வடுதான் கண்ணுக்குள் நின்றது. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. இருக்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை.

அவரிடம் வண்டி விட்டவர்களுக்குத் தெரியும்: எங்கள் கை பட்டுக் கெட்ட பாகத்தை, வருபவர் உட்காரும் கதிரையில்தான் வைப்பார். அதைத் தூக்காமல் யாரும் உட்கார முடியாது. ஒருமுறை ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த லொறி ஒன்றின் எஞ்சின் பிளாக்கில் நானா முறுக்கிய போல்ட் முறிந்தது. துருப்பிடித்த போல்ட், அதைக் காரணமாகச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"உண்மையான சாட்டும் சாட்டுதான் சிவா. கை பட்டு ஒடஞ்சிச்சுன்டு மட்டும் செல்லுங்க" என்றார்.

லொறிக்காரர் எஞ்சினை அள்ளிக்கொண்டு போனவர், திரும்பவே இல்லை. நானா அன்று முழுக்க உட்காரவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். பெரிய மகான் ஒன்றுமில்லை அவர்.

அடக்கத்துக்கு மறுநாள் செல்வி அக்கா பல்லேகலையிலிருந்து வந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் அவருடைய வான் வண்டியின் ஹெட்தான் அது. விடுமுறை முடிந்து அடுத்த நாள் பாடசாலை. கதிரையில் நான் வைத்திருந்த ஹெட்டைப் பார்த்தார்.

"என் கை தவறிடுச்சு அக்கா. திரும்ப மட்டம் பிடிக்கணும். நாளைக்கு வான் ஓடாது."

"புள்ளைங்கள தோள்லயா தூக்கிட்டுப் போறது? ஒரு நாள் விட்டா இன்னொருத்தன் ஏத்திக்குவான். எப்படிங்க கை தவறும்?"

நானா இறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"ஒங்ககிட்ட பேசி என்ன? நானாவ கூப்பிடுங்க!"

இனி மறைக்க முடியாது. சொன்னேன். அவர் ஹெட்டை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். எப்போது என்று கேட்டார். நேற்று என்று மட்டும் சொன்னேன். எந்த நேரம், செய்தி வந்தபோது என் கையில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை.

நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சாட்டுச் சொல்லாத அந்தப் பிடிவாதம்தான். அது இவ்வளவு வலிக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.